பதின்மூன்றாவது தறி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஐம்பது தாண்டிய பிறகு கொஞ்சம் அடங்கியிருக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் சொல்லப்போவது அடங்காத காலத்தில் நடந்தது.

எண்பதுகளின் தொடக்கம். பொதட்டூர்பேட்டையில் ஒரு லுங்கி வியாபாரியிடம் கார் டிரைவராக இருந்தேன். அதற்கு முன் பல வருஷம் லாரி. வீடு திருத்தணியில், மலைக்குக் கீழே. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினால், முதலாளி வீட்டுக்கு வழி கேட்கவே வேண்டாம், காதே கொண்டுபோய்விடும். வீட்டுக்குப் பின்னால் நீளமான கொட்டகை, அதற்குள் பன்னிரண்டு விசைத்தறிகள். அந்தக் கொட்டகையின் ஆட்சி முதலாளியின் அக்காவிடம். புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவர், வந்த வேகத்தில் தறிகளைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். நெசவாளிகளுக்கும் அக்கா, பால்காரனுக்கும் அக்கா, எனக்கும் அக்கா. நூல் அறுந்த தறியைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, அங்கே நிற்பவனை இங்கிருந்தே திட்டுவார்.

கார் சாதாரண கார் இல்லை. துபாயிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் முதலாளி மெட்ராஸில் வாங்கியது. டீசல் கார். ஸ்டியரிங் இடது பக்கம். பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் எனக்கு எதிரில் வருவது தெரியாது, வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் முதலாளிதான் எட்டிப் பார்த்து "வரலாம், வரலாம்" என்று சொல்ல வேண்டும். சொல்லப்போனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு டிரைவர். அவருக்கு அதில் பெருமை வேறு.

அந்தக் காரின் விசேஷம் அதன் டர்போ. இஞ்சின் பக்கத்தில் நத்தைக்கூடு மாதிரி ஓர் இரும்பு, அதற்குள் ஒரு சின்னச் சக்கரம். வெளியே போகிற புகை அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும், சக்கரம் காற்றை அள்ளி இஞ்சினுக்குள் திணிக்கும். அவ்வளவுதான் அதன் ரகசியம். ஆனால் மிதித்தால் பாருங்கள், முதலாளியின் வெற்றிலைப் பெட்டி மடியிலிருந்து பின்சீட்டுக்குப் போய்விடும். திருத்தணி மலைப்பாதையில் மற்ற கார்கள் முக்கி முனகி ஏறும்போது நாங்கள் மூன்றாவது கியரில் போவோம். மாதாமாதம் கிருத்திகைக்கு அந்தக் குடும்பம் மலைக்குப் போவது வழக்கம். நான் பிறந்து வளர்ந்த ஊரில், என் தெரு ஆட்கள் பார்க்க, அந்த வண்டியை ஏற்றுவதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

தை மாதம் வண்டி வந்தது. சித்திரை முடிவதற்குள் புகை ஆரம்பித்தது.

டீசல் வண்டி ஓட்டுகிறவனுக்குப் புகை என்பது ஜோசியம். கறுப்பாக வந்தால் டீசல் அதிகம், இல்லை காற்று போதவில்லை. வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் குளிருக்கு, நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது, அதுதான் கெட்ட செய்தி. எங்களுக்கு வந்தது நீலம். முதலில் கொஞ்சம், கண்ணாடியில் கூர்ந்து பார்த்தால் தெரிகிற அளவு. நானே மனசுக்குள் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டேன். ஆனி மாதத்தில் கண்ணாடியே தேவைப்படவில்லை.

அரக்கோணம் போகிற வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். நான் இஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தேன். ரயில் போய் கேட்டைத் தூக்கினதும் மிதித்தேன். பின்னால் ஒரு நீல மேகம் எழும்பி அங்கே நின்ற பஸ்ஸையே மூடிவிட்டது. பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "இன்னா நைனா, காலங்காத்தால எல்லாருக்கும் சாம்பிராணி போட்டுகினு போற?" என்று கேட்டான். பஸ் முழுக்கச் சிரித்தது. முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமாகச் சொல்கிற "வரலாம்" கூட அன்று அவர் வாயிலிருந்து வரவில்லை.

மெட்ராஸில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனோம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் புகையை ஒரு நிமிஷம் பார்த்தார். இஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், உள்ளே எல்லாம் தேய்ந்திருக்கும், சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதலாளியிடம், உங்கள் டிரைவர் எண்ணெய் பார்த்து ஓட்டினாரா என்று கேட்டார். கேள்வி மாதிரி கேட்டாலும் அது கேள்வி இல்லை. அடுத்த திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கேள்வி தீர்ப்பாகிவிட்டது. மறுநாள் காலை நான் கொட்டகை வாசலில் நிற்கிறேன், திடீரென்று உலகமே நின்றது போல் இருந்தது. அக்கா மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார். வெள்ளிக்கிழமைப் பூஜை நேரம் தவிர அந்தத் தறிகளை யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை. தறி ஓடினால் தான் சொல்வது யாருக்கும் கேட்காது என்பதற்காகவே நிறுத்தியிருக்கிறார். நெசவாளிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, அக்கா சொன்னார்: "யோவ் டிரைவரு, எண்ணெய் பாக்காத ஓட்டி ஓட்டி மிஷின சாகடிச்சிட்டியே. என் தறில ஒர்த்தன் இப்பிடி பண்ணியிருந்தா அன்னிக்கே வெளிய போயிருப்பான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தினமும் காலையில் பானெட்டைத் தூக்கி, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, எண்ணெய் பார்க்காமல் நான் ஒரு நாள்கூடச் சாவி போட்டதில்லை. லாரியில் பழகின பழக்கம் அது. இஞ்சினைச் சாகடித்தவன் என்று பெயர் வந்துவிட்டால் திருத்தணி, அரக்கோணம், ஆர்.கே.பேட்டை எங்கேயும் எவனும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டான். டிரைவர்கள் டீக்கடையில் முதலில் பேசுகிற விஷயமே அதுதான். எனக்கு வேறு தொழில் தெரியாது.

முதலாளி தயங்கித் தயங்கி, வண்டி மெட்ராஸ் போனதும் நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். நான் சத்தம் போட்டேன். என்னென்ன பேசினேனோ, எல்லாம் நினைவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"ஞாயித்துக்கெழம கிருத்திக. பொக இல்லாம மலை ஏத்தறேன். ஏத்தலன்னா சாவிய கொண்டு போயி உண்டியல்ல போட்டுட்டு நடந்தே பூட்றேன்."

உண்டியலில் விழுந்தது சாமிக்குச் சொந்தம், திரும்ப வராது. முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "சாவிய மட்டும் போட்றாதபா," என்றார். அக்கா சுவிட்சை ஏற்றினார். பன்னிரண்டு தறியும் மறுபடி அடிக்க ஆரம்பித்தன. அது செவ்வாய்க்கிழமை.

வாய் விட்டுவிட்டேனே தவிர, என்ன செய்வது என்று தெரியவில்லை. புதன்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அரக்கோணத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் போனேன். லாரிக் காலத்துச் சிநேகிதர். கூச்சமில்லாமல் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனுஷர், அந்தத் தொழிலில் அப்படி ஆள் அபூர்வம். டர்போவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதுக்கு எண்ணெய்தான் ரத்தம். மேலருந்து வந்து சக்கரத்த நனைச்சிட்டு, இந்தத் தடிக் குழாயில தானா கீழ எறங்கிடுது. எறங்கறதுக்குப் பம்பு கிம்பு ஒண்ணும் இல்ல பா," என்று ஒரு குழாயைத் தொட்டுக் காட்டினார். பிறகு, டர்போவே போயிருக்கலாம், கழற்றி அனுப்பிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஏனென்றால் சில விஷயங்கள் பொருந்தவில்லை. இஞ்சின் தேய்ந்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு பண்ணும். இது தொட்டதும் எழுந்தது. தேய்ந்த வண்டி இழுக்காது. இது அப்போதும் வெற்றிலைப் பெட்டியைப் பின்சீட்டுக்கு அனுப்பியது. ஓடிக்கொண்டே இருந்தால் புகை குறைவு. நின்று கொஞ்ச நேரம் இஞ்சின் சும்மா ஓடி, பிறகு மிதித்தால் மேகம். மேட்டில் ஏறினால் இன்னும் மோசம். இதையெல்லாம் திரும்பி வருகிற வழி முழுக்க எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் டிரைவருக்கும் கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

பொதட்டூர்பேட்டை எல்லைக்கு வந்தபோதுதான் தலையில் அடித்தது போல் ஒன்று தோன்றியது. இவ்வளவு எண்ணெய் எரிகிறதே, நான் எப்போது எண்ணெய் ஊற்றினேன்? யோசித்துப் பார்த்தேன். வண்டி வந்ததிலிருந்து ஒரு சொட்டு ஊற்றவில்லை. தினமும் பார்க்கிறேன், தினமும் நிறைய இருக்கிறது.

வண்டியை ஓரம் கட்டி, இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, கம்பியை உருவினேன். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. இதை நான் இன்று புதிதாகப் பார்க்கவில்லை. பல வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருக்கிறதா என்று தேடுகிற கண், மேலே எவ்வளவு இருந்தாலும் 'நிறைய இருக்கிறது, நல்லது' என்று கம்பியைத் திரும்பச் சொருகிவிடும். எண்ணெய் குறைந்தால்தான் கேடு என்று பழகின கண். என்னை நானே நன்றாகத் திட்டிக்கொண்டேன். வெள்ளைக் கோட்டுக்காரர் கம்பியைத் தொடவே இல்லை என்பது அப்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பாய் சொன்ன தடிக்குழாய் ஞாபகம் வந்தது. எண்ணெய் தானாகக் கீழே இறங்க வேண்டும். கீழே இடம் இருந்தால்தானே இறங்கும்? தொட்டி நிரம்பி வாய்வரை நின்றால், இறங்க வழியில்லாத எண்ணெய் டர்போவுக்குள்ளேயே தேங்கி, இடுக்கு வழியாகக் கசிந்து புகையோடு போகும். நின்றுகொண்டு ஓடினால் தேங்கும், மிதித்தால் மொத்தமாக எரியும். மேடு ஏறினால் எண்ணெய் பின்பக்கம் சாய்ந்து இன்னும் அடைக்கும். கேட்டில் வந்த சாம்பிராணிக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது.

ஆனால் எரிகிற எண்ணெய் குறையாமல் எப்படி ஏறுகிறது?

அன்று சாயங்காலம் கொட்டகையில் கீழே கிடந்த சிவப்பு நூல் ஒன்றை எடுத்து, எண்ணெய் நிற்கிற இடத்தில் கம்பியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். வியாழக்கிழமை வண்டியை ஆர்.கே.பேட்டை வரை இரண்டு நடை ஓட்டிப் புகையை நன்றாக விட்டேன். மாலையில் பார்த்தால் எண்ணெய் நூலுக்குக் கீழே ஒரு நெல் அளவு இறங்கியிருந்தது. சரிதான், எரிகிறது. வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டேன். கார் நிற்கிற கொட்டாய்க்குக் கதவு கிடையாது, பானெட்டைத் தூக்கச் சாவி தேவையில்லை. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து கம்பியை உருவினேன். எண்ணெய் நூலை முழுங்கிவிட்டு மேலே நின்றது.

நிறுத்தி வைத்த வண்டியில் எண்ணெய் ஊறுமா? டீசல் கலந்துவிட்டதோ என்று விரலில் தொட்டு மோந்து பார்த்தேன், டீசல் வாசனை இல்லை. விரலில் தேய்த்தால் இஞ்சின் எண்ணெய் மாதிரி வழுவழுப்பாக இல்லாமல் தண்ணியாக இருந்தது. எவனோ ஊற்றுகிறான். என் வேலைக்கு ஆசைப்பட்டு எவனோ வேண்டுமென்றே செய்கிறான் என்று முடிவு கட்டி, எவன் என்று மனசுக்குள் ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்தி அறைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் எண்ணெய் ஊற்றுகிற மூடியைப் பார்த்தேன்.

மூடியின் மேல் ஒரு குங்குமப் பொட்டு. ஈரம் காயாத புதுப் பொட்டு. அதற்கு அடியில் பழைய பொட்டுகளின் கறை, ஒன்றின்மேல் ஒன்றாக.

வாரா வாரம் இதையும் நான் பார்த்திருக்கிறேன். வண்டிக்குப் பூஜை போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பூஜை போடுகிறவர்கள் பானெட்டுக்கு மேலேதான் பொட்டு வைப்பார்கள், உள்ளே எண்ணெய் மூடிக்கு யார் வைப்பார்கள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

கொட்டகையில் தறிகள் நின்றிருந்தன. வெள்ளிக்கிழமைப் பூஜை நேரம். உள்ளே போனேன். நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குவளையோடு அக்கா ஒவ்வொரு தறியாகக் குனிந்து, தேய்கிற இடமெல்லாம் எண்ணெய் விட்டு, பிறகு தறிக்கு ஒரு பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். தறி வைத்திருக்கிற வீடுகளில் வெள்ளிக்கிழமை முறை அது. முதலில் மிஷினுக்கு எண்ணெய், அப்புறம் சாமிக்கு விளக்கு. முதலாளி அன்று ஊரில் இல்லை, லுங்கி மூட்டைகளோடு ரயிலில் மெட்ராஸ் போயிருந்தார்.

"அக்கா, வண்டிக்கும் வுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆங், வுட்டேன். வந்ததுலருந்து வுட்டுகினுதான் கீறேன். இங்க பன்னெண்டு, அது பதிமூணு. அது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி?"

ஒரு பெரிய டம்ளர் நிறைய. தறிக்கு விடுகிற அதே எண்ணெய். தை மாதத்திலிருந்து எத்தனை வெள்ளிக்கிழமை என்று கணக்குப் போடக்கூட எனக்குத் தெம்பில்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. என்னை எண்ணெய் பார்க்காதவன் என்று ஊர் பார்க்கச் சொன்ன வாய். நான் சொன்னேன், அக்கா, நீங்கள் ஊற்றின எண்ணெயால்தான் இந்தப் புகை, இஞ்சினுக்கு ஒன்றுமே இல்லை என்று. கத்தித்தான் சொன்னேன். நெசவாளிகள் அப்போது டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள், அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அக்கா நிமிர்ந்தார். "எண்ணெய் வுட்டு எங்கனா மிஷினு கெடுமா? எண்ணெய் வுடாட்டிதான் கெடும். முப்பது வருசமா தறி பாக்கறேன், எனுக்கு சொல்ல வந்துட்டான்." சொல்லிவிட்டுக் குனிந்து அடுத்த தறிக்குப் போய்விட்டார். ஆனால் எண்ணெய் விடுகிற கை ஒரு கணம் நின்றது. நான் பார்த்தேன்.

அவரோடு வாதாடிப் பயனில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அரக்கோணம். பாய் ஒரு தகர டின்னை அடியில் வைத்தார். எந்தக் காரின் எண்ணெயும் அதற்குள் அடங்கும் என்றார். தொட்டிக்கு அடியில் இருந்த திருகாணியைக் கழற்றியதும் எண்ணெய் தண்ணீர் மாதிரி சோவென்று கொட்டியது. தகரம் நிரம்பியது, வழிந்தது. பாய் வாளியைத் தேடிக்கொண்டு ஓடினார். வாளியிலும் விழுந்தது. "யா அல்லா, இது காரா, செக்கா?" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல் இருந்தது. நல்ல இஞ்சின் எண்ணெயை வாங்கி, மேல்கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிற மாதிரி அளந்து ஊற்றினோம். தறி எண்ணெய் ஒரு சொட்டும் தங்கக்கூடாது என்று பழைய ஃபில்டரையும் பாய் கழற்றி எறிந்தார்.

ஸ்டார்ட் செய்தேன். பட்டறையே நீலமாகிவிட்டது. முன்பு வந்ததைவிட மூன்று மடங்கு. பக்கத்து டீக்கடைக்காரன் பாலை மூடிக்கொண்டு எங்களைத் திட்டினான். நான் அங்கேயே டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு, சாவி உண்டியலுக்குத்தான் என்று நினைத்தேன். பாய் என் தோளில் தட்டினார்.

"குழாய் பூரா ஊறிக் கெடக்குது பா. அது எரிஞ்சி தீர வேணாமா? எங்கனா தூரமா போயி ஓட்டு, போ."

ஓட்டினேன். அரக்கோணத்தைத் தாண்டி மணவூர்ப் பக்கம் விட்டேன். முதல் சில மைல்கள் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை, புகைதான். ஒரு மாட்டு வண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கினார். பிறகு புகைக்கு நடுவே மரங்கள் தெரிந்தன. பிறகு ரோடு தெரிந்தது. மணவூர் ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமர நிழலில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, இறங்கி நின்றேன். எந்த நிலையில் மேகம் வருமோ அதே நிலை. ஒரு ரயில் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போகிறவரை காத்திருந்தேன். அப்புறம் உள்ளே ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

கண்ணாடியில் மரம் மரமாக இருந்தது. இன்னொரு தடவை மிதித்தேன். ஸ்டேஷன் ஸ்டேஷனாக இருந்தது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன். ரயிலிலிருந்து இறங்கின ஜனம் பார்த்துக்கொண்டே போனது. பார்க்கட்டும் என்று சிரித்தேன்.

சனிக்கிழமை நாலு முறை கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் வைத்த இடத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, கிருத்திகை. பின்சீட்டில் அக்கா, மடியில் தேங்காய்க் கூடை. முன்சீட்டில் முதலாளி, அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. மலையடிவாரத்தில் கூட்டம், வண்டிகள் வரிசையாக நின்றன. நான் இஞ்சினை நிறுத்தவில்லை. முன்னால் வழி கிடைத்த பிறகும் வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். என் தெரு ஆட்கள் பூக்கடை ஓரமாக நின்று, மேகம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம், நீங்கள் இறங்கி நின்று பின்னாலிருந்து பாருங்கள் என்றேன். அவர் பயத்தோடு இறங்கினார்.

மிதித்தேன். வண்டி மூன்றாவது கியரில் மலையைப் பிடித்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. கண்ணாடியில் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளி வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்துகொண்டிருந்தார். மாடிப்படி ஏறவே இளைக்கிற மனுஷர். அவருக்குப் பின்னால் ரோடும் ஊரும் கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிந்தன. ரயில் பாதை தெரிந்தது, என் வீட்டு ஓடு தெரிந்தது.

மேலே நிறுத்தினேன். அக்கா இறங்கி, கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக வண்டியின் பின்பக்கம் போனார். குனிந்து, புகைக்குழாயின் வாயில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். காய்ந்த கரி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. விரலை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குள் முதலாளி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "பொகையே இல்லய்யா," என்றார், திரும்பத் திரும்ப. என்ன கோளாறு, என்ன செய்தாய் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அக்கா கரி விரலோடு என்னையே பார்த்தார். 'சொல்லாதே' என்று கேட்கிற பார்வை இல்லை, அந்த அம்மாவுக்கு அது தெரியாது. 'சொல்லிக்கோ' என்கிற பார்வை.

"எண்ணெய் ஜாஸ்தியா பூட்ச்சி மொதலாளி. எறக்கிட்டோம்," என்று மட்டும் சொன்னேன். பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். நான் சொல்லி அவர் தலைகுனிவதில் எனக்கு என்ன இருக்கிறது? எந்த வாய் சொன்னதோ அந்த வாய் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வீம்பு.

திங்கட்கிழமை வண்டி மெட்ராஸ் போகவில்லை. முதலாளி என்னை வேறு இடம் பார்க்கச் சொன்னதையே மறந்துவிட்டவர் போல மறுபடி "வரலாம், வரலாம்" என்று ஆரம்பித்துவிட்டார். அரக்கோணம் கேட்டில் அந்தக் கண்டக்டரைப் பார்த்தேன். வேண்டுமென்றே அவனுக்கு முன்னால் போய் நின்று, கேட் திறந்ததும் மிதித்தேன். அவன் விசில் ஊதினான். எல்லாம் சரி. ஆனால் அக்கா பேசவில்லை. செவ்வாய், புதன், வியாழன், ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உள்ளே புகைந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை பூஜையெல்லாம் முடிந்து தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. நான் கார்க் கொட்டாயில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சத்தம் நின்றது. சுவிட்சை இறக்கிவிட்டார். உள்ளேயிருந்து, டிரைவரைக் கூப்பிடு என்று குரல் வந்தது.

போனேன். நெசவாளிகள் அத்தனை பேரும் அவரவர் தறியடியில் நின்றார்கள். முதலாளியும் சத்தம் நின்றதைக் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்திருந்தார். அக்கா நடுவில் நின்றார்.

"இதே எடத்துல, இவன் மிஷின சாகடிச்சான்னு சொன்னேன். சாகடிக்கப் பாத்தது நானு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தறி எண்ணெய அதுல ஊத்தினேன். இவன் கண்டுபுடிச்சான். சொல்லிக் காட்டல. கேட்டுக்கங்க எல்லாரும்."

முதலாளி வாயைப் பிளந்துகொண்டு அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து நாளாக இந்த வார்த்தைக்காகக் கொதித்துக்கொண்டிருந்தவன், வந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் கையிலிருந்த துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

அக்கா முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். அதன் மூடியில் குங்குமப் பொட்டு.

"மிஷினு எண்ணெய் இல்ல, பயப்படாத. நல்லெண்ணெய். பதிமூணாவது பங்கு இது. வண்டிக்குதான் வேணான்னுட்ட, உன் தலைக்கு தேச்சிக்கோ நைனா. வண்டில பொக நின்னுட்ச்சி, உன் மண்டைல இன்னும் வந்துகினு கீது."

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிறவரை. அக்கா சிரிக்கவில்லை, போய் சுவிட்சை ஏற்றினார்.

மறுநாள் சனிக்கிழமை. சூடு பறக்கத் தேய்த்துக் குளித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.